கோப்பை கழுவிய தலைமுறை மேசையில் அமரும்போது

ஸ்காபரோவில் ஒரு தமிழ் உணவகம். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. எல்லா மேசைகளும் நிறைந்துவிட்டன. வாசலில் பார்சலுக்கு வந்தவர்கள் வேறு நிற்கிறார்கள். மேசைகளைக் கவனிக்க இரண்டே பேர்: ஒரு பெடியன், ஒரு பெட்டை. இருவருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கலாம். எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். தகப்பன், தாய், பதினைந்து வயது மதிக்கத்தக்க மகள், கூடவே ஓர் உறவினர். அவர்கள் ஆட்டுக் கொத்துக் கேட்டிருக்கிறார்கள், வந்தது கோழிக் கொத்து.

"இஞ்ச வாடா தம்பி. நான் என்ன கேட்டனான், நீ என்ன கொண்டு வந்து வைச்சிருக்கிறாய்?"

"சொறி அங்கிள், இப்ப மாத்தித் தாறன்."

"உங்களுக்கெல்லாம் ஆரடா விசா குடுத்தது?"

உறவினர் சிரித்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டு "அப்பா, ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னாள். பெடியன் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். ஐந்தே நிமிடத்தில் சரியான கொத்து வந்தது. அதே பெடியன்தான் கொண்டு வந்து வைத்தான்.

இதை ஒரு தனி மனிதருடைய குணக்கேடு என்று சொல்லிக் கடந்து போகலாம். ஆனால் ரொறன்ரோவிலும் மார்க்கத்திலும் தமிழ் உணவகங்களுக்கு அடிக்கடி போகிறவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும், இப்படியொரு காட்சியை அவர்கள் பார்த்ததில்லையா? விரலைச் சொடுக்கிக் கூப்பிடுதல், "உஸ்" என்று சத்தமிடுதல், முகம் பாராமல் கைபேசியைப் பார்த்தபடியே "தண்ணி" என்று சொல்லுதல். இதே ஆட்கள் நகரத்தில் ஒரு வெள்ளைக்கார உணவகத்துக்குப் போனால் "ப்ளீஸ்", "தாங்யூ", "எக்ஸ்கியூஸ் மீ" என்று வாய் நிறையப் பேசுகிறார்கள். சாப்பாடு அரை மணித்தியாலம் பிந்தினாலும் புன்சிரிப்போடு இருக்கிறார்கள். ஆக, மரியாதை தெரியாமல் அல்ல. எங்கே கொடுப்பது, எங்கே தேவையில்லை என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எங்களுடைய புலம்பெயர்வின் கதையே உணவகத்தில்தான் தொடங்குகிறது. 1983க்குப் பிறகு வந்தவர்களில் பெரும் பகுதியினருக்குப் பாரிஸிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் கிடைத்த முதல் வேலை சமையலறையில்தான். "கோப்பை கழுவுறது" என்பது எங்கள் பேச்சில் ஒரு சொற்றொடராகவே நிலைத்துவிட்டது. வெளிநாட்டில் என்ன செய்கிறாய் என்று ஊரில் கேட்டால் சொல்ல முடியாத பதில் அது. 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள் என்பதை நாங்கள் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். அந்தத் தலைமுறையில் வந்தவர்கள் ரொறன்ரோ நகர மையத்து இத்தாலிய, பிரெஞ்சு, கிரேக்க உணவகங்களில் பாத்திரம் கழுவி, வெங்காயம் வெட்டி, பிறகு குக் ஆகி, சிலர் சொந்தமாகக் கடையும் போட்டார்கள். இந்த நகரத்தின் உணவகச் சமையலறைகளைப் பல ஆண்டுகள் தூக்கி நிறுத்தியதில் தமிழருடைய கைக்குப் பெரும் பங்கு உண்டு. இது கனடிய ஊடகங்களும் எழுதிய செய்திதான்.

அப்படிப்பட்ட சமூகம் உணவகத் தொழிலாளியைக் கண்டால் உருக வேண்டும் அல்லவா? ஏன் உருகவில்லை?

ஒரு காரணம், நாங்கள் வேலை செய்தது பின்பக்கத்தில். நானும் மூன்று வருடம் பின்பக்கத்தில் நின்றவன்தான். எங்களுக்கு மேசை தெரியாது. ஆங்கிலம் தெரிந்தவர்களும் வெள்ளைத் தோல் உள்ளவர்களும் முன்பக்கத்தில் நின்றார்கள். ரிப்ஸ் அவர்களுக்குப் போனது. தட்டைத் திருப்பிக் கொண்டு வந்து எங்கள் மேல் எரிந்து விழுந்ததும் அவர்கள்தான். ஆகவே பரிமாறுபவர் என்றால் எங்கள் மனதில் சக தொழிலாளியின் படம் வருவதில்லை. இரண்டாவது காரணம் இன்னும் கசப்பானது. "நாங்கள் படாத பாடா? பனிக்குள்ளே நடந்து போய், பதினாறு மணித்தியாலம் நின்று உழைத்தனாங்கள். இப்ப வாறதுகளுக்கு எல்லாம் சுகம்." பட்ட துன்பம் சிலரை இளக வைக்கிறது, சிலரை இறுக வைத்துவிடுகிறது. இரண்டாவது வகை எங்களிடம் கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

இன்னும் பின்னே போனால் ஊருக்குப் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் குடும்பமாக வெளியே போய்ச் சாப்பிடுவது அந்தக் காலத்து வழக்கமல்ல. சாப்பாட்டுக் கடை என்பது பட்டணத்துக்கு அலுவலாக வந்தவருக்கும், தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த உத்தியோகத்தருக்கும் உரியது. அதே நேரம், பரிமாறுதல் எங்களிடம் இழிவான வேலையும் அல்ல. கலியாண வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவர் உரித்துக்காரர். அன்னதான மடத்தில் சோறு போடுகிறவர் பெரிய மனிதராகவும் இருப்பார். சொந்தமும் பக்தியும் உள்ள இடத்தில் பரிமாறுவது பெருமை, காசுக்குப் பரிமாறினால் மட்டும் கீழ். இதற்குள் சாதி இருக்கிறது என்பதைச் சொல்லாமல் மூடி மறைப்பதில் பயனில்லை. எங்கள் தேநீர்க் கடைகளில் சிலருக்கு வாங்கில் இருக்க அனுமதியில்லை, அவர்களுக்கு வேறு பேணி. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகும், அறுபதுகளில் கடைக்குள் நுழைவதற்கே போராட வேண்டியிருந்தது. ஆர் ஆருக்கு எப்படிக் கொடுப்பது, ஆர் எங்கே இருப்பது என்பது சமூகப் படிநிலையின் அளவுகோலாக இருந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் நாங்கள்.

அந்த அளவுகோல் விமானத்தில் ஏறாமல் நின்றுவிடவில்லை. மேசைக்கு வரும் பிள்ளையிடம் "ஊரில எவடம்?" என்று ஒரு பெரியவர் கேட்கிறார். ஊர் சொன்னால் "அதில எந்தப் பக்கம்?" அதுவும் சொன்னால் "ஆற்றை மகள்?" கேட்பவருக்கு அது அன்பான விசாரிப்பாகவே தோன்றலாம். சில வேளை அன்பாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டாவது, மூன்றாவது கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்லும் பிள்ளைக்கும் தெரியும். கையில் சூடான சாம்பார் வாளியோடு நிற்கும்போது அந்தப் பிள்ளைக்கு விலகிப் போகவும் வழியில்லை.

மொழி விடயத்துக்கு வருகிறேன். இதைப் பேசினால் எங்கள் ஆட்கள் சொல்லும் ஒரு சாட்டு உண்டு: "தமிழில ப்ளீஸ், தாங்யூ சொல்லிற பழக்கம் இல்லை. அது வெள்ளைக்காரன்ரை சடங்கு." பாதி உண்மை. "தயவு செய்து" என்பது அறிவித்தல் பலகைக்கு உரிய சொல். "நன்றி" மேடைக்கு உரியது. வீட்டில் அம்மாவிடம் தேத்தண்ணி வாங்கிவிட்டு "நன்றி அம்மா" என்று சொன்னால் அவர் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்ப்பார். ஆனால் தமிழில் மரியாதைக்கு இடமில்லை என்பது பொய். ஆங்கிலம் ஒரு தனிச் சொல்லில் வைப்பதைத் தமிழ் வினையின் வாலில் வைத்திருக்கிறது. "கொண்டு வா" என்பதும் "கொண்டு வாங்கோ" என்பதும் ஒன்றல்ல. "தா", "தாரும்", "தாங்கோ", "தாறீங்களோ" என்று எத்தனை படிகள்! யாழ்ப்பாணத் தமிழில் "நீ"க்கும் "நீங்கள்"க்கும் நடுவில் "நீர்" என்று ஒரு வாசல் வேறு இருக்கிறது. வயதில் இளைய, நெருக்கமில்லாத ஒருவரைக் குறைக்காமல் அழைக்க அதைவிட வசதியான சொல் வேறு மொழிகளில் கிடைப்பது அரிது. இவ்வளவும் கையில் இருக்கும்போது பத்தொன்பது வயதுப் பிள்ளையை "டேய்" என்று கூப்பிட்டால், அதற்குக் காரணம் மொழியின் வறுமை அல்ல. அது தெரிந்து எடுத்த சொல்.

"தம்பி" என்பதும் இரண்டு விதமாக ஒலிக்கும். "தம்பி, ஒருக்கா இஞ்ச வாறீரோ" என்றால் அது உறவு. "தம்பீ!" என்று முழு உணவகமும் திரும்பிப் பார்க்கக் கத்தினால் அது அழைப்பு மணி.

இப்போது தமிழ் உணவகங்களில் நிற்பவர்கள் எல்லோரும் ஈழத்தவர்கள் அல்ல. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் படிக்க வந்தவர்கள் பலர். அவர்களுக்கு எங்கள் பேச்சு புதிது. ஒரு வெள்ளிக்கிழமை, விரதகாரர் ஒருவர் "என்ன கறி இருக்கு?" என்று கேட்க, திருச்சிப் பக்கத்துப் பெடியன் மிகுந்த உற்சாகத்தோடு "மட்டன் இருக்கு சார், சிக்கன் இருக்கு சார்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவனுடைய ஊரில் கறி என்றால் இறைச்சி. எங்களுக்குக் கத்தரிக்காயும் கறிதான். பிழை இருவரிடமும் இல்லை. ஆனால் ஏச்சு ஒருவருக்கு மட்டும்தான் கிடைத்தது. அவன் பேசுவதும் தமிழ்தான் என்பதை அந்த மனிதர் ஒரு கணம் யோசித்திருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

இனி இந்தப் பிள்ளைகள் யார், என்ன நிலையில் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். "விசா ஆர் குடுத்தது" என்று கேட்டவருக்கு உண்மையில் விசா விபரம் தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

கோவிட் காலத்து ஆள் பற்றாக்குறையில், 2022 நவம்பர் முதல் 2024 ஏப்ரல் வரை சர்வதேச மாணவர்கள் எத்தனை மணித்தியாலமும் வேலை செய்யலாம் என்று மத்திய அரசு தற்காலிகமாக விட்டிருந்தது. பிறகு அது நிறுத்தப்பட்டது. 2024 நவம்பர் 8 முதல், படிப்புக் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம்தான். ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஒக்ரோபர் 1 முதல் மணிக்கு 17.60 டொலர். 24ஆல் பெருக்கினால் வாரத்துக்கு 422 டொலர் 40 சதம். வரியும் பிடிப்புகளும் கழிப்பதற்கு முன்னான தொகை அது. அதில் நிலக்கீழ் அறைக்கு வாடகை, பஸ், கைபேசி, சாப்பாடு. ஊரில் எடுத்த கடனுக்கு வட்டி. படிப்பு அனுமதி கேட்பவர் கல்லூரிக் கட்டணம் தவிரச் செலவுக்குக் காட்ட வேண்டிய பணம் 2024இல் 20,635 டொலராக உயர்ந்து, 2025 செப்ரெம்பரில் 22,895 டொலரானது. அந்தப் பணம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊரில் காணி ஈடு வைத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மாணவர்கள் தவிர இன்னொரு கூட்டமும் உண்டு. 2023இல் விசிற்றர் விசா விதிகள் தளர்ந்திருந்தபோது வந்து, அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு வேலை அனுமதியோடு நிற்பவர்கள். இவர்களைப் பற்றி எங்கள் சமூகத்தில் நடக்கும் பேச்சு காதால் கேட்க முடியாதது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் எங்களைப் பற்றிக் கனடியப் பத்திரிகைகளில் எழுதப்பட்டதையே சொல்லுக்குச் சொல் இவர்கள்மேல் போடுகிறோம். வரிசையைத் தாண்டி வந்தவர்கள், பொய் சொல்லி வந்தவர்கள், வேலையைப் பறிக்கிறவர்கள். ஒரு வித்தியாசம், அன்று ஆங்கிலத்தில் எழுதினார்கள். இன்று தமிழில் சொல்கிறோம்.

அடுத்தது, முதலாளியின் பெயரில் கட்டப்பட்ட வேலை அனுமதியோடு வந்தவர்கள். எல்.எம்.ஐ.ஏ. என்ற நான்கு எழுத்து எங்கள் சமூகத்தில் எப்படி விலைபோனது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. 2024 செப்ரெம்பர் முதல், வேலையின்மை ஆறு வீதமும் அதற்கு மேலும் உள்ள பெருநகரங்களில் குறைந்த சம்பள வேலைகளுக்கான இந்த விண்ணப்பங்களை அரசு பெரும்பாலும் ஏற்பதில்லை. மாணவர் எண்ணிக்கைக்கும் 2024 ஜனவரியில் உச்சவரம்பு வந்துவிட்டது. இவையெல்லாம் ஒட்டாவாவின் கொள்கைச் செய்திகள். அவை மேசைக்கு வந்து சேரும்போது, முன்பு நான்கு பேர் நின்ற இடத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். உங்கள் தண்ணீர் பிந்துவதற்கும் கொத்து மாறுவதற்கும் அதுவும் ஒரு காரணம்.

இப்படி நிற்கும் ஒருவர் உங்களை எதிர்த்துப் பேச மாட்டார். பேசினால் முதலாளிக்கு முறைப்பாடு போகும், அல்லது இணையத்தில் ஒற்றை நட்சத்திர விமர்சனம் வரும். அதில் "கறுத்த, தாடி வைத்த பெடியன்" என்று அடையாளமும் இருக்கும். இதை நான் கற்பனையில் எழுதவில்லை, இதைப் போன்றவற்றை வாசித்திருக்கிறேன். சாப்பாட்டில் குறை சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. இருபது வயதுப் பிள்ளையின் தோற்றத்தை ஊருக்கு விளம்பரம் செய்வது எந்த உரிமையில் சேரும் என்று தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நம்மவர் பலருக்கு, முதலாளிகள் உட்பட, இது தெரியாது, அல்லது தெரியாததுபோல் இருக்கிறார்கள். ஒன்ராறியோவின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தில் 2010 முதல் வேலையிடத் தொல்லைக்கு எதிரான கடமை முதலாளிக்கு உண்டு. தொல்லை செய்பவர் சக ஊழியராக இருக்க வேண்டியதில்லை, வாடிக்கையாளராகவும் இருக்கலாம். பரிமாறும் பெண்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துப் பேசும் "ஜோக் அங்கிள்"களை "அவர் எங்கட பழைய கஸ்ரமர், கண்டுகொள்ளாதையும்" என்று சமாளிக்கும் முதலாளி, தன் சட்டக் கடமையைத்தான் கைவிடுகிறார். வேலைவாய்ப்பு நியமச் சட்டத்தின்படி, ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து நிற்க வைக்காமல் அரை மணித்தியாலம் சாப்பாட்டு இடைவேளை கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக் கடையில் நிற்கும் பிள்ளை நாலரை மணிக்கு மூலையில் ஒதுங்கி நின்று நான்கு வாய் சோற்றை அள்ளிப் போடும்போது, "என்ன, இஞ்ச ஆட்கள் இருக்க நீ சாப்பிடுறாய்?" என்று கேட்டவரையும் பார்த்திருக்கிறேன். 2024 மார்ச்சில் நிறைவேறிய திருத்தம், பழக்கிப் பார்க்கிறோம் என்று சம்பளமில்லாமல் வேலை வாங்க முடியாது என்பதையும், சாப்பிட்டவர் காசு கொடுக்காமல் ஓடினால் அந்தத் தொகையைப் பரிமாறியவரின் சம்பளத்தில் வெட்ட முடியாது என்பதையும் பச்சையாக எழுதி வைத்தது.

ரிப்ஸ் விடயம் தனியாகப் பேச வேண்டியது, ஏனென்றால் இப்போது எல்லோருக்கும் இதில் எரிச்சல். பார்சல் எடுக்கப் போனாலும் இயந்திரம் பதினெட்டு, இருபது, இருபத்தைந்து என்று கேட்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வடையை எடுத்துக் கடதாசிப் பையில் போட்டதற்கு இருபது வீதமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கு "வேண்டாம்" பொத்தானை அமத்துவதில் பாவமில்லை. இயந்திரம் பெரும்பாலும் வரிக்குப் பிந்திய தொகையில்தான் கணக்குப் போடுகிறது என்பதையும் கவனியுங்கள். 80 டொலருக்குச் சாப்பிட்டால் 13 வீத வரியோடு 90.40. அதில் 18 வீதம் 16.27. வரிக்கு முந்திய தொகையில் என்றால் 14.40. கியூபெக்கில் 2025 மே மாதம் முதல், இயந்திரம் காட்டும் தொகை வரிக்கு முந்திய விலையிலேயே இருக்க வேண்டும் என்று சட்டமாகிவிட்டது. ஒன்ராறியோவும் அதைச் செய்யலாம்.

"இப்ப அவைக்கு முழுச் சம்பளம்தானே, பிறகு ஏன் ரிப்ஸ்?" என்ற கேள்வியும் வருகிறது. ஒன்ராறியோவில் மதுபானம் பரிமாறுவோருக்கு இருந்த குறைந்த சம்பள வகை 2022 ஜனவரியில் நீக்கப்பட்டது உண்மை. சுவிஸில் 1974 முதலே சேவைக் கட்டணம் விலைக்குள் அடங்கிவிட்டது. அங்கே மிச்சச் சில்லறையை விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். அங்கிருந்து வரும் உறவினர்கள் இங்கே பில்லைப் பார்த்துத் திகைப்பதைக் குறை சொல்ல முடியாது. கனடாவும் அப்படி மாறினால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் மாறும்வரைக்கும் இந்த நாட்டில் மேசைக்கு வந்து பரிமாறுபவருடைய வருமானத்தில் ரிப்ஸ் ஒரு பகுதி. வெள்ளைக்காரக் கடையில் பதினெட்டு வீதம் போடுபவர், தமிழ்க் கடையில் "எங்கட ஆட்கள்தானே" என்று இரண்டு டொலர் வைத்துவிட்டு எழும்புகிறார். எங்கட ஆட்கள் என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் இருக்கிறது போலும்.

அதைவிடப் பெரிய கேள்வி, நீங்கள் போடும் காசு அந்தப் பிள்ளைக்குப் போகிறதா என்பது. 2016 யூன் முதல், ஊழியருடைய ரிப்ஸை முதலாளி எடுக்க ஒன்ராறியோவில் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஊழியர்களுக்குள் பொதுவில் சேர்த்துப் பங்கிடலாம். முதலாளியும் கூட நின்று கணிசமான அளவு அதே வேலையைச் செய்தால் அவரும் பங்கு எடுக்கலாம். கணவனும் மனைவியுமாக நின்று நடத்தும் சின்னக் கடைகளுக்கு இது நியாயம்தான். ஆனால் 2024 யூன் 21 முதல், அப்படிப் பங்கு எடுக்கும் முதலாளி அந்த ஏற்பாட்டை எழுத்தில் ஊழியர் பார்க்கும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். எத்தனை தமிழ்க் கடைகளில் அந்தக் கடதாசியைக் கண்டிருக்கிறீர்கள்? அட்டையில் போடும் பணம் நேரே முதலாளியின் கணக்குக்குப் போகிறது. பிறகு என்ன நடக்கிறது என்பது கடைக்குக் கடை வேறு. நேர்மையாக வாரா வாரம் பிரித்துக் கொடுப்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுடைய கடைகளில் அதே முகங்கள் வருடக்கணக்காக நிற்பதைப் பார்க்கலாம்.

விருந்து மண்டபங்களைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. அழைப்பிதழில் மாலை ஆறு மணி. ஏழரைக்கு வருகிறோம். பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழா, ஹெலிகொப்ரர் தவிர எல்லாம் இறக்கியாயிற்று. சில இடங்களில் அதையும் இறக்கியாயிற்று. பேச்சு, நடனம், படம் எடுப்பு. சாப்பாடு பத்து மணிக்கு. கறுப்பு வெள்ளை உடுப்போடு பின்பக்கம் நிற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் உயர்தரப் பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும். ஐந்து மணிக்கு வந்து மேசை விரித்தவர்கள். இரவு ஒரு மணிக்கு நாங்கள் மிச்சச் சாப்பாட்டுக்குப் பெட்டி கேட்டுச் சண்டை பிடித்துவிட்டுப் போன பிறகு, அறுபது மேசையைத் துப்புரவாக்கிவிட்டு அவர்கள் வெளியேறும்போது சுரங்க ரயில் ஓய்ந்திருக்கும். மண்டபக் கட்டணத்தில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். அது ஊழியருக்குப் போகிறது என்று சாதாரண ஒருவர் நினைக்கும் வகையில் அறவிடப்பட்டால், சட்டப்படி அதுவும் ரிப்ஸ்தான். நாற்பதாயிரம் டொலர் செலவழித்து விழா எடுப்பவர், ஒப்பந்தம் எழுதும்போதே அந்த வரியைக் காட்டி "இது ஆருக்குப் போகுது?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். பூச்சோடனைக்காரரிடம் பத்துக் கேள்வி கேட்கிறோம்தானே.

மறுபக்கமும் உண்டு. தமிழ்க் கடைகளில் பரிமாறுபவர்கள் முகம் கொடுப்பதில்லை, மெனு அட்டையைத் தூக்கி எறிவதுபோல் வைக்கிறார்கள், தங்களுக்குள் கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்ற முறைப்பாடு பொய்யல்ல. நானே சில கடைகளுக்குப் போவதை நிறுத்தியிருக்கிறேன். ஆனால் அதில் பாதிப் பொறுப்பு, பழக்காமல் முதல் நாளே மேசைக்கு அனுப்பும் முதலாளியுடையது. குறை இருந்தால் முதலாளியைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொல்லலாம். சாப்பாடு மாறினால் மாற்றிக் கேட்கலாம், தலைமயிர் கிடந்தால் காசு கொடுக்க மறுக்கலாம். இதற்கெல்லாம் "டா" தேவைப்படுவதில்லை.

எங்களுடைய பிள்ளைகளும் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். பல்கலைக்கழகம் போகும் மகன் கோடை விடுமுறையில் ஒரு பெரிய உணவகத்தில் பரிமாறி ஆயிரக்கணக்கில் ரிப்ஸ் சேர்த்துக் கார் வாங்கினான் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவனை ஒரு வாடிக்கையாளர் இழிவாகப் பேசினால் "மனேஜரிட்டச் சொல்லு, மனித உரிமை ஆணைக்குழுவுக்குப் போ" என்கிறோம். அதே வேலையை ஸ்காபரோவில் செய்யும் கிளிநொச்சிப் பிள்ளைக்குப் போக இடமில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மேசைக்காரர் எழும்பிப் போன பிறகு, அவருடைய மகள் மட்டும் திரும்பி வந்தாள். மறந்த கைபேசியை எடுக்க வந்ததுபோல் மேசையைத் தடவினாள். பெடியன் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "சொறி அண்ணா" என்றாள், தமிழில் சொல்ல முயன்ற உச்சரிப்போடு. அவன் "இல்லை, பரவாயில்லையம்மா" என்றான். அவள் ஓடிவிட்டாள்.

நான் பணம் கொடுக்கும்போது, இயந்திரத்தில் போட்டால் உமக்கு வருமா என்று கேட்டேன். அவன் சமையலறைக் கதவை ஒருமுறை பார்த்தான். "அது முதலாளியிட்டப் போகும் அங்கிள். தருவம் எண்டு சொன்னவை." எவ்வளவு காலமாக நிற்கிறீர் என்றேன். எட்டு மாதம் என்றான். தராத சம்பளத்துக்கும் ரிப்ஸுக்கும் மாகாணத் தொழில் அமைச்சிடம் இரண்டு வருடத்துக்குள் முறைப்பாடு செய்யலாம், அதற்குக் காசு இல்லை, குடிவரவு நிலையும் தடையில்லை என்று சொன்னேன். கவனமாகக் கேட்டான். "என்ரை கேஸ் மார்ச்சில வருது அங்கிள். அது முடியட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேசையில் யாரோ விரலைச் சொடுக்க, அங்கே போனான்.